சூட்டோவியம் பயிலப் புகுவார்க்கு

கைத்தொழில் எதுவாயினும் அதன்கண் புதிதாகப் புகுவோர் முதலில் நாடுவது கருவியையே. கருவி சிறந்ததாயின் கையும் தானே சிறக்கும் என்னும் எண்ணம் நம்மனோர்க்கு இயல்பாக உள்ளது. ஒரோவழி அஃது உண்மையுமாம். எனினும், சூடேறிய முனையால் மரத்தின்மீது கோடிட்டு உருவமும் எழுத்தும் அமைக்கும் சூட்டோவியக் கலையில் இவ்வெண்ணத்தோடு புகுவோர் பொருளையும் பொழுதையும் இழப்பர். சிலர் உடல்நலத்தையும் இழப்பர். மரத்தை அறிதல் முதலாவது; வெப்பத்தை அறிதல் இரண்டாவது; கருவியைத் தேர்தல் மூன்றாவது. இவ்வரிசை மாறாமற் காத்தலே இக்கலையின் முதற்பாடம் என்பதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காய்ச்சிய இரும்பால் பொருள்களில் குறியிடுதல் உலகெங்கும் உள்ள பழைய வழக்கம். தென்னமெரிக்காவில் பெரு நாட்டார் சுரைக்குடுக்கைகளின்மீது தீயால் ஓவியம் அமைக்கின்றனர். இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டில் கணப்படுப்பைக் கிளறும் இரும்புக் கோலையே காய்ச்சிப் பலகையில் படம் வரைந்தனர். அக்கோலின் பெயரே ஆங்கு அக்கலைக்கும் பெயராயிற்று. நம் நாட்டில் புல்லாங்குழல் செய்வோர் காய்ச்சிய கம்பியால் மூங்கிலில் துளையிடுவர். குறிசுடும் இரும்பிற்குச் சூட்டுக்கோல் என்னும் பெயர் நம் மொழியில் முன்னரே உளது. அப்பெயரையே ஈண்டு இக்கருவிக்கும் வழங்குவோம்.

தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கு இக்கலையோடு உறவுடைய தொழில்கள் இரண்டு உள. ஒன்று, ஓலையில் எழுத்தாணியால் எழுதுதல். பத்துப்பாட்டை 1889-ஆம் ஆண்டில் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், அதன் ஏடுகளைத் தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்து கவிராயர்களின் இல்லங்களை நாடியமை யாவரும் அறிந்ததே. அவ்வில்லங்களில் ஏடெழுதிய கைகள் எழுதப்படும் பொருளின் இயல்பை நன்குணர்ந்த கைகள். ஓலையின் நரம்பு செல்லும் வழியும், அஃது எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதும் தெரியாதவன் ஓலையைக் கிழிப்பானேயன்றி எழுதான்.

மற்றொன்று, அம்பாசமுத்திரத்துக் கடைசல் தொழில். அம்மி, உரல், திருகை, குடம், அடுப்பு எனச் சமையலறை முழுவதையும் உள்ளங்கையளவிற் சுருக்கிக் குழந்தைகளுக்கு அளிக்கும் மரச்சொப்புகள் அவ்வூர்க் கடைசற்பட்டறைகளிற் பிறப்பன. அச்சொப்புச் சாமான்களுக்கு 2025-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைசற்பொறியிற் சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் கோலை அழுத்த, உராய்வினால் எழும் வெம்மையில் அரக்கு இளகி மரத்திற் படியும். மிகுதியாக அழுத்தினால் மரம் கருகும். குறைவாக அழுத்தினால் வண்ணம் பற்றாது. சூட்டோவியம் பயில்வோன் அறியவேண்டுவதும் இந்த அளவே.

யான் இக்கலையில் புகுந்த வரலாற்றையும் ஒரு சிறிது கூறுதல் வேண்டும். பல முனைகள் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கினேன். தச்சர் கழித்த பலகைத் துண்டு ஒன்று வழவழப்பாக இருந்தமையால் அதனையே எடுத்துக்கொண்டேன். காற்றுப்பட்டால் முனை குளிருமென்று அறையின் சாளரங்களை அடைத்து, ஒரு மணி நேரம் குனிந்திருந்து வரைந்தேன். எழுந்தபொழுது கண்ணில் நீர் வடிந்தது, தலை வலித்தது, தொண்டைக் கரகரப்பு இரண்டு நாள் நீடித்தது. படமோ மை ஊறிய தாள்போல ஓரம் பரந்து கிடந்தது. கருவி தீதென்று முடிவு செய்து பெட்டியை மூடி வைத்தேன். சில திங்கள் கழிந்தபின் அம்பாசமுத்திரத்தில் முதிய கடைசற்காரர் ஒருவரிடம் இதனைச் சொல்ல, அவர் அப்பலகைத் துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "கம்பி மேல குத்தம் இல்ல தம்பி, இது கட்டையே இல்ல, தூளும் பசையும்" என்றார். பின்னர்க் காலடியிற் கிடந்த மஞ்சக்கடம்புத் துண்டு ஒன்றை எடுத்துத் தந்தார். வீடு சேர்ந்து அதே கோலால் அதன்மேல் ஒரு கோடிட்டேன். கோடு மயிரிழைபோல் நின்றது. கீழே கூறுவன யாவும் அன்று தொடங்கிய பாடமே.

மரம்

மரத்தில் நிறம் எழுவது எவ்வாறு என்பதனை முதலில் அறிதல் நன்று. மரம் பெரும்பாலும் செல்லுலோஸ், அரைச்செல்லுலோஸ், லிக்னின் என்னும் மூவகைப் பொருள்களால் ஆயது. வெப்பம் சென்டிகிரேட் 200 பாகையைக் கடக்கும்பொழுது அரைச்செல்லுலோஸ் சிதையத் தொடங்கி இளம்பழுப்பு நிறம் தோன்றும். 300 பாகையை ஒட்டியும் அதற்கு மேலும் செல்லுலோஸ் விரைந்து சிதைய, நிறம் கருமையை அடையும். லிக்னின் இவ்விரண்டினும் மெல்ல, நெடிய வெப்ப எல்லையினூடே சிதையும். ஆதலின் பொன்னிறம் முதல் கருமை ஈறாக உள்ள நிறங்களெல்லாம் மரத்தினுள்ளேயே அடங்கியுள்ளன. எத்துணை வெப்பம், எத்துணை நேரம் என்பதே அவற்றை வெளிக்கொணரும்.

இதனால் தொடங்குவோர்க்கு ஏற்ற மரத்தின் இலக்கணமும் விளங்கும். நிறம் வெளிறியதாயிருத்தல் வேண்டும். அன்றேல் இளம்பழுப்பு கண்ணுக்குத் தோன்றாது. இழை நெருங்கி ஒரு சீராயிருத்தல் வேண்டும். அன்றேல் முனை மென்மையான இடத்தில் ஆழ்ந்தும் வன்மையான இடத்தில் துள்ளியும் செல்லும். எண்ணெயும் பிசினும் குறைந்திருத்தல் வேண்டும். அன்றேல் அவை உருகிக் கோட்டின் ஓரத்திற் பரவும். நன்கு உலர்ந்திருத்தலும் வேண்டும். ஈரம் உள்ள மரத்தில் வெப்பத்தின் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும்.

இவ்விலக்கணத்திற்கு இயைந்தனவாக நம் பக்கத்தில் இரண்டு மரங்களைச் சொல்லலாம். மஞ்சக்கடம்பு இளமஞ்சள் நிறமும் நுண்ணிய சீரான இழையும் உடையது. சொப்புச் செய்வோர் அதனை விரும்புவதும் இக்காரணம் பற்றியே. வெட்பாலை அதனினும் வெண்மையானது. தந்தத்தை ஒத்த அதன் வெண்மையும் நுண்மையும் கருதியே கன்னட நாட்டுச் சென்னபட்டணத்துப் பொம்மைத் தொழிலாளர் அதனைப் பெரிதும் கையாளுகின்றனர். இவற்றைக் காட்டிற் சென்று வெட்டுதல் கூடாது. சட்டமும் அதற்கு இடந்தராது. கடைசற்பட்டறைகளில் கழிவாக விழும் துண்டுகளைக் கேட்டு வாங்குதலே முறை. கையகலத் துண்டு பத்து இருப்பின் மூன்று திங்கட்கு உரிய பயிற்சிக்குப் போதும்.

ஏனைய மரங்களை விரைந்து நோக்குவோம். தேக்கு எண்ணெய்ப் பசையும் பெரிய துளைகளின் வரிசையும் உடையது. அவ்வரிசை குறுக்கிடுந்தோறும் கோடு அறும். வேம்பின் இழை பின்னிச் செல்வதாலும் நிறம் சிவந்ததாலும் தொடக்கத்திற்கு ஏலாது. பூவரசின் வைரம் கரியது, வெளிறு பயன்படும். பனங்கட்டையில் வன்மையான நாரும் மென்மையான சோறும் மாறிமாறி வருதலின் அஃது எழுத்தாணிக்கு ஓலை தந்ததோடு நிற்பது நலம். மூங்கிலும் உலர்ந்த சுரைக்குடுக்கையும் இரண்டாம் ஆண்டுப் பாடங்கள்.

தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாக வரும் சரக்குப் பெட்டிகளின் பைன் பலகைகள் நம் மரக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அவற்றை வாங்குவோர் ஒன்று கவனித்தல் வேண்டும். நாடு விட்டு நாடு செல்லும் மரப்பெட்டிகளில் பூச்சி செல்லாமற் காத்தற்பொருட்டு 2002-ஆம் ஆண்டில் அனைத்துலக நெறி ஒன்று வகுக்கப்பெற்றது. அதன்படி கோதுமைக் கதிர் வடிவ முத்திரையும், அருகில் எவ்வாறு பக்குவம் செய்யப்பெற்றது என்னும் குறியும் பலகையிற் பதிக்கப்பெறும். எச்.டி. என்றிருப்பின் வெப்பத்தாற் பக்குவம் செய்யப்பெற்றது, அதனைக் கொள்ளலாம். எம்.பி. என்றிருப்பின் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயுவாற் பக்குவம் செய்யப்பெற்றது, அதனைத் தள்ளுக. முத்திரை காணாத பலகையையும், எதுவோ சிந்திக் கறைபட்ட பலகையையும் தள்ளுக. கொள்ளத்தக்க பைனும் பிசினுடையது. வளையத்திற்கு வளையம் வன்மை மாறுவது. எனவே அது பழகுதற்கேயன்றிப் பரிசளித்தற்கு அன்று.

தொடவே கூடாதன சில. அரளி, எட்டி, தில்லை என்பவற்றின் நஞ்சினை நம் ஊர்ச் சிறுவரும் அறிவர். அவற்றைச் சுட்டால் எழும் புகையும் தீங்கானதே. வண்ணமோ வார்னிஷோ பூசிய பழைய பலகையைச் சுடலாகாது. எம்.டி.எஃப். என்று வழங்கும் தூட்பலகையும், பிளைவுட் என்னும் ஒட்டுப்பலகையும் பெரும்பாலும் பார்மால்டிஹைடு கலந்த பசையால் இறுக்கப்பெற்றவை. முனையின் சூட்டில் அப்பசை சிதைந்து வாயுவாக வெளிப்படும். அவ்வாயு மாந்தர்க்குப் புற்றுநோய் விளைப்பது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2004-ஆம் ஆண்டில் வகுத்துரைத்தது. யான் அடைத்த அறையில் ஒரு மணி நேரம் முகர்ந்தது இத்தகைய புகையே என்பதனைப் பின்னரே அறிந்தேன். வழவழப்பும் மலிவும் கண்டு மயங்குதல் வேண்டா.

கருவி

சூட்டுக்கோல்கள் இருவகைப்படும். முதலாவது திண்முனைக் கோல். ஈயம் பற்றவைப்போர் கையாளும் சால்டரிங் அயர்ன் போன்றது இது. கோலின் உள்ளே மின்கம்பிச் சுருள் இருக்க, நுனியில் பித்தளை முனை திருகப்பெற்றிருக்கும். விலை குறைவு, உறுதி மிகுதி. ஆயின் சூடேறச் சில நிமிடங்கள் செல்லும். ஆறுதற்கு அதனினும் மிகுதியாகச் செல்லும். பிடிக்கும் இடம் நுனியிலிருந்து தொலைவில் இருத்தலின் கை நடுங்கும். வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் வாய்ப்பில்லாத கோலாயின், கையின் விரைவு ஒன்றாலேயே நிறத்தை ஆளவேண்டும்.

இரண்டாவது கம்பிமுனைக் கோல். இதில் தனியே ஒரு பெட்டி உண்டு. வீட்டிற்கு வரும் 230 வோல்ட்டு மின்சாரத்தை அப்பெட்டி சில வோல்ட்டளவிற்குக் குறைத்து, நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பியிற் செலுத்தும். கம்பி சில நொடிகளிற் காயும். சில நொடிகளில் ஆறும். பெட்டியிலுள்ள திருகால் வெப்பத்தை வேண்டிய அளவில் நிறுத்தலாம். பேனாவைப்போல நுனியருகே பிடித்து எழுதலாம். விலை முதலாவதைப்போலப் பன்மடங்கு.

இவற்றுள் எதனை வாங்குவது என்று மாணவர் வினவுவர். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுடைய திண்முனைக் கோல் ஒன்றே தொடக்கத்திற்குப் போதும் என்பது என் கருத்து. அதனைக் கொண்டு ஆறு திங்கள் பழகியபின்னும் ஆர்வம் குன்றாதவரே கம்பிமுனைக் கோலுக்குப் பொருள் செலவிடுக. வீட்டிலுள்ள 25 வாட்டு சால்டரிங் அயர்னைக் கொண்டே தொடங்கலாமோ எனின், தொடங்கலாம். அதன் நுனி 350 பாகையும் அதற்கு மேலும் காயும். ஆயின் முன்னர் ஈயம் பற்றவைத்த முனையை மரத்தில் வைத்தல் கூடாது. பற்றாசில் வெள்ளீயத்தோடு காரீயமும் கலந்திருப்பது பெருவழக்கு, காரீயம் நஞ்சு. புதிய முனை ஒன்றை இதற்கெனவே வைத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது.

இனி, முனைகள். இருபது முப்பது முனைகள் நிறைந்த பெட்டி கண்ணைக் கவரும். உண்மையில் மூன்று முனைகளே வேண்டுவன. கோடிடக் கத்திவாய் போன்ற கூர்முனை ஒன்று. எழுதவும் வளைவு வரையவும் உருண்டைமுனை ஒன்று. நிழலிடக் கரண்டியின் முதுகு போன்ற அகன்ற முனை ஒன்று. பித்தளை முனைகளைச் சூடாயிருக்கும்பொழுது மாற்றுதல் ஆகாது. விரல் வெந்துபோதல் ஒருபுறமிருக்க, மெல்லிய திருகு சிதைந்து முனை உள்ளேயே முறிந்து நிற்கும். இறுக மிகத் திருகுதலும் அதே கேட்டினை விளைக்கும்.

துணைப்பொருள்கள்

உப்புத்தாள் மூவகை வாங்குக: 120, 220, 320 என எண் ஏற ஏறத் தாள் நுண்ணிதாகும். இழை செல்லும் போக்கிலேயே தேய்த்தல் வேண்டும். 220-ஆம் தாளால் தேய்த்தபின் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உலரவிடின் படுத்திருந்த நார்கள் எழும். அவற்றை 320-ஆம் தாளால் நீக்கினால் முனை தடையின்றி ஓடும். மரத்தூள் நெஞ்சிற்கு ஆகாததாகலின் தேய்க்கும் வேலையை வெளியிற் செய்க. தூளை ஊதாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க.

படத்தைப் பலகைக்கு மாற்ற எச்.பி. பென்சிலே ஏற்றது. தாளின் பின்புறத்தில் பென்சிற் கரியைப் பூசி, முன்புறத்தில் வரையின் படம் பலகையிற் படியும். மிகுந்த கோடுகளை ரப்பரால் அழித்துவிடலாம். தட்டச்சிற்கு உரிய கார்பன் தாள் மெழுகுடையதாதலின் அதன் கோடு அழியாது. முனையிற் படியும் கரியை நீக்கப் பித்தளைக் கம்பித் தூரிகை ஒன்று வேண்டும். கரிபடிந்த முனை வெப்பத்தைச் சீராகக் கடத்தாது. கோலைச் சாய்த்து வைக்க இரும்புத் தாங்கியும், அதன் கீழ் ஓர் ஓடும் வேண்டும். தாங்கியில்லாத கோலை இனாமாகத் தந்தாலும் வாங்கற்க.

முடிவில் பூசுதற்குத் தேன்மெழுகு போதும். அரக்கோ வார்னிஷோ பூச விரும்புவோர் வரைந்து முடித்த பின்னரே பூசவேண்டும். அரக்கு ஏறத்தாழ 75 அல்லது 80 பாகையிலேயே உருகிவிடும். அதன்மேற் கோலை வைப்போர் படத்தையும் இழப்பர், முனையையும் பாழாக்குவர். ஆதலின் அம்பாசமுத்திரத்திற் சொப்பு வாங்குவோர் வண்ணமேற்றாத வெள்ளைச் சாமான் வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவைத்தல் வேண்டும்.

புகையும் காப்பும்

நல்ல மரத்தின் புகையும் புகையே. சாளரத்தின் அருகே அமர்ந்து, சிறிய மின்விசிறியை முகத்தை நோக்கி வைக்காமல் வெளியை நோக்கி வைக்க; அது புகையை இழுத்துச் செல்லுமேயன்றி முனையைக் குளிர்விக்காது. துணிமறைப்பு புகைக்குத் தடையாகாது. என்-95 மறைப்பு நுண்துகள்களைத் தடுக்கும், வாயுக்களைத் தடாது. ஆகவே மறைப்பை நம்பித் தீய பலகையைச் சுடலாம் என்று எண்ணுதல் பிழை. நைலான் உடை உருகித் தோலில் ஒட்டும். பருத்தி உடையே தக்கது. கூந்தலை முடித்துக்கொள்க. மூன்று முள் கொண்ட செருகி உடைய கோலையே வாங்குக. எழுந்து செல்லும்பொழுது, அரை நிமிடத்திற்காயினும், செருகியைப் பிடுங்கிய பின்னரே செல்க. கை சுட்டுவிட்டால் ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் பிடித்தல் வேண்டும். மாவும் மையும் பூசுதல் ஆகாது.

முதற்பாடம்

கருவி வந்த அன்றே மயிலும் கோபுரமும் வரையத் துணிதல் இயல்பு; அதனை அடக்குக. முதற்றுண்டில் பத்துச் சிறு கட்டங்கள் இடுக. ஒவ்வொன்றையும் முன்னதினும் சிறிது மெதுவாக நிரப்புக. வெளிறிய பொன்னிறத்தில் தொடங்கிக் கருமையில் முடியும் அவ்வரிசையே நுமக்கு நிறப்பட்டியல். மரம் மாறுந்தோறும் இதனைப் புதிதாகச் செய்தல் வேண்டும்.

பின்னர்க் கோடு. கோலைத் தள்ளாமல் தம்மை நோக்கி இழுக்க. அழுத்துதல் வேண்டா, வெப்பம் தன் வேலையைத் தானே செய்யும். கை அசைந்துகொண்டிருக்கும்பொழுதே முனை மரத்தைத் தொடவும், அசைந்துகொண்டிருக்கும்பொழுதே நீங்கவும் வேண்டும். நின்று தொட்டால் அவ்விடத்தில் கரும்பொட்டு விழும். இழையின் போக்கிலும் குறுக்கிலும் தனித்தனியே பழகுக. குறுக்கே செல்லும்பொழுது கை சிறிது தாமதிக்கும் என்பது தெரியவரும்.

இறுதியாகத் தமிழெழுத்து. அகரமும் இகரமும் ககரமும் எளிதில் வந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளியே அருமை. ஏடெழுதினோர் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளியிடாமலே சென்றனர். எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்று அஞ்சியதே காரணம் என்பர். சூட்டுக்கோலிலும் அவ்வாறே. நின்ற முனை ஒரு நொடி மிகுந்தால் புள்ளி குழியாகும். சூட்டைக் குறைத்து, உருண்டைமுனையால் தொட்டவுடன் எடுத்துப் பழகுக. ஒரே அளவான புள்ளிகள் ஐம்பது வரிசையாக இட வல்லவர் மயிலையும் கோபுரத்தையும் அஞ்சவேண்டுவதில்லை.

மேற்கூறியவற்றைத் தொகுத்துரைப்பின், வாங்கும் வரிசை இது: முதலில் நல்ல மரத்துண்டுகள், அடுத்து உப்புத்தாளும் பென்சிலும், அடுத்துத் தாங்கியோடு கூடிய எளிய கோல் ஒன்றும் முனைகள் மூன்றும், ஏனையவை தேவை நேர்ந்தபொழுது. நால்வர் சேர்ந்து ஒரு கோல் வாங்கினும் குறைவில்லை. ஒருவர் சுடும்பொழுது மற்றையோர் தேய்க்கவும் வரையவும் வேலை உண்டு.

மரத்துண்டுகளுக்காக ஒருமுறையேனும் அம்பாசமுத்திரம் சென்று கடைசற்பட்டறை ஒன்றில் அமர்ந்து பார்த்தல் வேண்டும் என்பதே நண்பர்களுக்கு யான் விடுக்கும் வேண்டுகோள். பிளாஸ்டிக்குப் பொம்மைகளின் மலிவோடு போட்டியிட்டு வாழும் அத்தொழிலாளர்க்கு, வண்ணமேற்றாத பம்பரங்களையும் சிமிழ்களையும் கேட்டு வரும் மாணவர் கூட்டம் ஒன்று புதிய வாடிக்கையாகும். நமக்கோ, எந்தக் கடையும் விற்காத ஒன்று அங்கே கிடைக்கும். ஒரு துண்டைக் கையில் எடுத்து முகர்ந்து, நகத்தால் கீறி, இது கட்டை, இது கட்டையன்று என்று சொல்லும் அறிவே அது. அவ்வறிவு வாய்த்தபின் எளிய கோலும் நன்றாகவே எழுதும்.